செருப்பு வைத்துப் போட்ட வியூகம்

எங்கள் கால்பந்து அணியின் வியூகத்தைச் செருப்புகளை வைத்துத்தான் போடுவார்கள். செம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்து மைதானத்தில் நாங்கள் பூட்ஸ் மாட்டிக்கொண்டதும், கழற்றிப் போட்டதில் ஆளுக்கு ஒரு செருப்பை எடுத்து மேனேஜர் சார் மண்ணில் பரப்புவார். கோலுக்கு ஒன்று, பின்னால் நான்கு, நடுவில் மூன்று, முன்னால் மூன்று. பின்வரிசையில் வார் அறுந்து ஊக்கு குத்தியிருப்பது என்னுடையது.

சார் பக்கத்து அபார்ட்மென்ட்காரர், வங்கி அதிகாரி. ஜெர்சி வாங்கித் தந்து மேனேஜர் ஆனவர். அவர் பந்தை உதைத்து நான் பார்த்ததே இல்லை. டிவியில் மட்டும் ஒரு ஆட்டம் விடமாட்டார்.

அப்போது இந்திய அணி தன் ஆட்டத்தையே மாற்றிக்கொண்டிருந்தது. அதுவரை பின்னால் கும்பலாக நின்று தடுப்பார்கள், பந்து கிடைத்தால் ஓங்கி அடிப்பார்கள், முன்னால் நிற்பவர் ஓடிப் பிடித்தால் உண்டு. புதுப் பயிற்சியாளர் வந்தார். கோல்கீப்பரே காலடியில் சின்ன பாஸ் கொடுக்க வேண்டும், தடுப்பாட்டக்காரர்கள் அதை மாற்றி மாற்றி மேலே கொண்டுபோக வேண்டும் என்றாகிவிட்டது. பார்க்க அழகுதான், புல் இருக்கிற மைதானத்தில்.

சாருக்கு அது தலைக்கேறிவிட்டது. "இனிமே யாரும் தூக்கி அடிக்கக் கூடாதுப்பா. நேஷனல் டீமே மாறிட்டாங்க. கீப்பர் ஷார்ட்டா குடுப்பான், நீ நிதானமா ரிசீவ் பண்ணணும்" என்றார் என்னிடம்.

எங்கள் கீப்பர் தண்ணீர் கேன் வண்டி ஓட்டுகிறவன். "சார், இங்க புல்லா கீது? கல்லு சார். பந்து எங்கனா எகிறும்" என்றான்.

"அதெல்லாம் எக்ஸ்கியூஸ்" என்றார் சார்.

பெருங்களத்தூர் அணியோடு அரையிறுதி. அன்று ஒரு அரசுத் துறையிலிருந்து ஆட்டம் பார்க்க ஒருவர் வந்திருந்தார். விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை, அவர்களுக்குத் தேவை உயரமான தடுப்பாட்டக்காரர். என்னைத்தான் பார்க்க வந்தார். வயது வரம்பில் எனக்கு அதுதான் கடைசி வருடம்.

முதல் பாதியில் எல்லாவற்றையும் தலையால் முட்டித் தள்ளினேன். வந்தவர் இரண்டு முறை ஏதோ குறித்துக்கொண்டதைக் கண்ணால் பார்த்தேன். இரண்டாம் பாதியில் கீப்பர் கையில் பந்து. ஓங்கி அடிக்கப் போனான். "ஷார்ட்! ஷார்ட்!" என்று கோட்டுக்கு வெளியே சார் கத்தினார். அவன் என்னைப் பார்த்துவிட்டுப் பந்தை உருட்டிவிட்டான்.

எங்களுக்கு நடுவில் ஒரு மேடு. கிரிக்கெட் பையன்கள் ஸ்டம்ப் நட்டு நட்டுப் பள்ளமான இடத்தைச் செங்கல் துண்டு போட்டு மூடியிருந்தார்கள். டிவியில் பார்த்த மாதிரி காலை லேசாகத் தூக்கி நிதானமாக நின்றேன். பந்து மேட்டில் பட்டு என் முழங்காலைத் தாண்டி எகிறியது. எனக்குப் பின்னால் நின்ற எதிரணிக்காரன் ஒரே தட்டில் கோல் போட்டான். நான் திரும்பிப் பார்த்தபோது வந்தவர் பைக்கை ஸ்டார்ட் செய்துகொண்டிருந்தார்.

ஆட்டம் முடிந்ததும் சார் குந்தி உட்கார்ந்து மறுபடி செருப்பு பரப்பினார். "சிஸ்டத்துல தப்பே இல்ல. ரிசீவிங்தான் தப்பு" என்று சொல்லி என் செருப்பை இரண்டு விரலால் எடுத்து வெளியே வைத்தார். எனக்கு அழுகை வந்தது. கீப்பர்தான் அதைக் கொண்டுவந்து என் காலடியில் போட்டான்.

இப்போது நான் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளி. போன மாதம் கம்பெனி பஸ்ஸில் வரும்போது செல்போனில் இந்திய அணி ஆடியது. இப்போது வேறு பயிற்சியாளர். கீப்பர் பந்தை ஓங்கி அடித்தார், அடித்துக்கொண்டே இருந்தார். பழைய வாட்ஸ்அப் குழுவில் சார் எழுதினார்: "நம்ம ஊருக்கு லாங் பால்தான் செட் ஆகும். அப்பவே சொன்னேன்." கீழே ஆறு கட்டைவிரல்.

எங்கள் பழைய கீப்பர் போன் செய்தான். "மச்சான், பாத்தியா? பேஜார் புடிச்ச ஆளு. நீ இன்னா கம்முனு கீற? நல்லா நாலு கேளுடா."

என்ன கேட்பது? அந்த மேட்டை அப்போதே பத்து வருடமாக எனக்குத் தெரியும். பந்து அதில் படுவதற்கு முன்னால் இரண்டு எட்டு ஓடி ஓங்கி அடித்திருக்கலாம். கால் பரபரத்தது. சார் சொல்லிவிட்டாரே என்று நின்றேன். அந்தக் கோபம்தான் இன்னும் ஆறவில்லை.

பெருங்களத்தூரில் இறங்குவதற்குள் எதையோ எழுதி அழித்தேன். ஏழாவது கட்டைவிரல் என்னுடையது.