தலையாட்டாத ஹேசல்

வானொலியில் நிதியமைச்சர் "வளர்ச்சி" என்று ஆரம்பித்ததும் ஹேசல் ஆர்மிடேஜ் பிஸ்கட்டை டீயில் முக்கினாள். "இது ஊறி விழறதுக்குள்ள இவரு ஒரு உண்மை சொல்லிட்டா, என் டீய அவருக்கே குடுத்துடறேன்." பிஸ்கட் விழுந்தது. "போச்சு, கண்ணு. போன அமைச்சராவது பாதி பிஸ்கட் வரைக்கும் தாங்குனாரு."

இங்கிலாந்தின் ஹட்டர்ஸ்ஃபீல்டு ஊரில் ஒரு பிஸ்கட் ஆலையில் இருபத்தாறு வருஷமாகப் பெட்டி கட்டுகிறாள். பஸ் ஓட்டுநர், பல் வைத்தியர், மேலாளர் எல்லாருமே அவளுக்குக் கண்ணுதான். மூக்குக் கண்ணாடியைத் தலையில் ஏற்றிவைத்துக்கொண்டு வீடெல்லாம் அதையே தேடுகிற ஆள். ஆனால் எந்த அமைச்சர் எந்த மாதம் என்ன வாக்குக் கொடுத்தார் என்று கேளுங்கள், தேதியோடு ஒப்பிப்பாள். இரண்டு கட்சிக்கும் ஓட்டுப் போட்டு இரண்டிடமும் சூடுபட்டவள், யாரையும் விட்டுவைப்பதில்லை. "கஷ்டமான முடிவை அவங்க எடுப்பாங்களாம். கஷ்டத்த மட்டும் நாம எடுத்துக்கணுமாம். நல்லா இருக்கே நியாயம்."

ஜனவரியில் மின்கட்டணம் கட்டி மாளவில்லை என்று ஆலை வெள்ளிக்கிழமை வேலையை நிறுத்திவிட்டது. கட்டணத்தில் கை கொடுக்கிறோம் என்று அரசாங்கம் மூன்று முறை அறிவித்தது, ஒரு முறையும் வந்து சேரவில்லை. அந்த ஒரு நாள் கூலி திரும்பாவிட்டால் கோடைக்குள் ஹேசல் வாடகை வீட்டைக் காலி செய்ய வேண்டியதுதான். வரிசையில் பக்கத்தில் நிற்கும் பவுலீனிடம் மட்டும் அதைச் சொல்லி அழுதிருக்கிறாள்.

இந்த லட்சணத்தில் அதே நிதியமைச்சர் ஆலைக்கே வந்து பேசப்போகிறார் என்றார்கள். அமைச்சர்கள் இப்படிப் பேச வந்தால், முதுகுக்குப் பின்னால் தொழிலாளிகளை நிறுத்தித் தலையாட்ட வைப்பது வழக்கமாயிற்றே. மேலாளர் நைஜல் ஹேசலைத் தனியே கூப்பிட்டார். "நீங்க சும்மா நின்னு தலையாட்டுனா போதும். வாயத் தொறந்தீங்க, உங்களுக்கு வியாழக்கிழமையும் போயிடும்."

"தொறக்கல, கண்ணு."

அமைச்சரின் ஆட்கள் எல்லார் தலையிலும் மஞ்சள் கவசம் மாட்டிவிட்டார்கள். படத்தில் எடுப்பாக இருக்குமாம். "எதுக்குடி இது? பிஸ்கட் தூள் விழுந்து மண்ட ஒடைஞ்சிடுமா?" என்று பவுலீன் முணுமுணுக்க, வரிசையே குலுங்கியது.

அமைச்சர் பேசினார். நல்ல குரல், நல்ல கோட்டு, அதில் குறை சொல்லக் கூடாது. ஹேசல் வாயையும் திறக்கவில்லை, தலையையும் ஆட்டவில்லை. எதிரே நேரலைக் கேமராக்கள், அவற்றுக்குப் பக்கத்தில் நைஜல், நெற்றியெல்லாம் வியர்வை.

"எங்க கொள்கை பலிச்சிருக்கு. இந்த ஆலையையே பாருங்க, வாரத்துல அஞ்சு நாளும் முழு வேகத்துல ஓடுது" என்றார் அமைச்சர்.

வியாழக்கிழமை போனால் போகட்டும். ஹேசல் வலது கையைத் தலைக்கு மேல் உயர்த்தினாள். கட்டை விரலை மடக்கி, நான்கு விரல்களை மட்டும் விரித்துக் காட்டினாள்.

அடுத்து பவுலீனின் கை எழுந்தது. பிறகு ஓவன்காரர்கள், லாரிக்காரர்கள், கடைசி வரிசை வரைக்கும் நான்கு நான்கு விரல்கள். கேமராக்கள் ஒவ்வொன்றாக அமைச்சரின் முகத்தை விட்டு மேலே ஏறின. எதைப் படம் பிடிக்கிறார்கள் என்று புரியாமல் அவர் திரும்பிப் பார்த்தார். அவர் கண்ணுக்கு நேரே, ஹேசல் கையை இன்னும் கொஞ்சம் உயர்த்தினாள்.