வட்டமடித்த படகு

முப்பது வருடம் லிப்ட் மெக்கானிக்காக இருட்டுக் குழிக்குள் கிடந்தவர், ஓய்வு பெற்றதும் வாங்கிய ஒரே ஆடம்பரம் அந்தச் சின்னப் படகு. ஞாயிறு காலையானால் இரண்டு துடுப்பும் போட்டு ஏரியின் அக்கரைவரை போய் வருவார். பத்து வருடமாக ஒரு ஞாயிறும் தவறியதில்லை.

போன வாரம் குளியலறையில் வழுக்கி விழுந்ததில் வலது தோளின் தசைநார் கிழிந்துவிட்டது. "இனிமே துடுப்பைத் தொடவே கூடாது" என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். மனைவியிடம் "லேசான சுளுக்குதான்" என்று பூசி மெழுகினார். உண்மை தெரிந்தால் மறுநாளே படகை விற்றுவிடுவாள்.

இந்த ஞாயிறு அவளும் கூட வந்து கரை பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். அவர் படகில் ஏறி, காலால் கரையை உதைத்துத் தள்ளினார். வலது கை துடுப்பைச் சும்மா பிடித்திருந்தது. இடது கை மட்டும் வீம்புக்கு இழுத்தது. படகு செக்குமாடு மாதிரி ஒரே இடத்தைச் சுற்றியது. பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி இழுத்தார். மறுபடியும் அதே கரை, அதே பெஞ்ச், அதே அவள்.

"இன்னிக்காவது என் கண்ணு முன்னாடியே இருக்கீங்களே!" என்று கத்திக் கையாட்டினாள்.

பதிலுக்கு ஆட்ட வலது கை எழவில்லை. சிரித்தபடி இடது கையை எடுத்து ஆட்டினார். பிடி விட்ட இடது துடுப்பு, படகு விளிம்பில் அதைத் தாங்கும் கொண்டியிலிருந்து நழுவித் தண்ணீரில் விழுந்து, மெல்ல விலகிப் போனது.

நிறுத்தினால் மிச்சமுள்ள துடுப்பை வலது கையால் போட வேண்டும், குட்டு அவளுக்குத் தெரிந்துவிடும் என்று, அவர் கையை ஆட்டிக்கொண்டே இருந்தார்.