வாசலை மறித்த சீமெந்து லொறி

நான்கு வருடங்களுக்கு முன், கொடிகாமத்தில் பெரிய வீதியோரம் இருக்கும் என் மா மில்லில் நடந்தது இது. புட்டுக்கும் இடியப்பத்துக்கும் அவித்த கோதுமை மாவை அரித்துப் பொதி செய்கிறோம். மாவைச் சாக்கில் சுமக்காமல், காற்றால் ஊதிக் குழாய் வழியே பொதியறைக்கு அனுப்பும் ஏற்பாட்டை அப்போதுதான் பூட்டியிருந்தேன். ஊரெல்லாம் பெருமையடித்துக்கொண்டு திரிந்தேன்.

அன்று யாழ்ப்பாண நகரத்துக் கடையொன்றின் முதல் பெரிய ஓர்டர். மதியம் அவர்களின் வான் வரும்போது மா ஆயத்தமில்லையென்றால் வேறிடம் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார்கள். அந்தப் பதற்றத்தில் நான் இருக்க, சீமெந்துத் தூள் ஏற்றும் உருளைத் தாங்கி பூட்டிய லொறியொன்று என் வாசலை மறித்து நின்றது. சாரதி எதிர்க்கடையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். தெருவில் நின்றே ஏசிவிட்டேன். அவர் எழுந்து வந்து லொறியைத் தள்ளி நிறுத்திவிட்டு, மீண்டும் தேநீர்க்கடைக்குப் போனார்.

அவித்த மாவை நன்றாக ஆறவிட்டுத்தான் குழாயில் விட வேண்டும். அவசரத்தில் நான் சூட்டோடு கொட்டிவிட்டேன். மா வியர்த்து, குழாயின் வளைவில் கட்டியாக இறுகிவிட்டது. நானோ காற்றைக் கூட்டினேன். கூட்டக் கூட்ட இன்னும் இறுகியது. கடைசியில் பெரிய சத்தத்தோடு குழாய்களை இணைக்கும் ஒரு பூட்டுக் கழன்று, குழாயிலிருந்த மா என் தலையில் கொட்டியது. வேலை செய்யும் பெண்கள் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத் தெரியும். எனக்கோ அழுகை முட்டியது.

சத்தம் கேட்டு அந்தச் சாரதி ஓடிவந்தார். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

"அக்கா, மாவை நிப்பாட்டுங்கோ. காத்தையும் நிப்பாட்டுங்கோ."

"உமக்கு உந்தக் குழாயைப்பற்றி என்ன தெரியும் தம்பி?"

"நாங்கள் லொறியிலயிருந்து சீமெந்து இறக்கிறதும் இப்பிடிக் காத்தாலதான் அக்கா."

ஒரு தடியால் குழாயைத் தட்டிக்கொண்டே நடந்தார். வெறுமையான இடமெல்லாம் கணீரென்றது. வளைவில் மட்டும் சத்தம் அமுங்கியது. அந்த வளைவைக் கழற்றிக் கட்டியைக் கிண்டியெடுத்து, கழன்ற பூட்டையும் மாட்டி, வெறும் காற்றை ஓடவிட்டுக் குழாயை உலர வைத்தார். அதற்குள் பெண்கள் மீதி மாவைப் பாயில் பரப்பி ஆற்றினார்கள். கொஞ்சம் கொஞ்சமாக விட்டோம். வான் வந்தபோது கடைசிப் பொதியை ஒட்டிக்கொண்டிருந்தோம்.

காலையில் ஏசியதற்கு மன்னிப்புக் கேட்டேன்.

"அதுக்கென்ன அக்கா. அடுத்த முறை வாசலை மறிக்கலாமோ?"

"ஓம், மறியும். ஆனா தேத்தண்ணி இஞ்சைதான் குடிக்கவேணும்."

இன்றும் கோபத்தில் குரலை உயர்த்தப் போகும்போது, தலை முழுக்க மாவோடு நின்ற என்னைப் பார்த்துச் சிரிக்காத அந்த ஒரு முகம் நினைவுக்கு வருகிறது. குரல் தானாகவே இறங்கிவிடுகிறது.