மச்சானின் படகு

கிள்ளைக்குப் பக்கத்தில், என் மகள் வாழ்க்கைப்பட்ட தீவில் படகு கட்டுகிற ஒருவரைப் பார்த்தேன். கவுன்சிலர் தேர்தலுக்கு நின்றிருந்தார். கையெல்லாம் பசை காய்ந்திருக்கும். எந்தப் படகைக் கடந்தாலும் விரலால் தட்டிப் பார்க்காமல் போகமாட்டார்.

ஓட்டுப் போடுவதற்கு முதல் நாள், தன்னை எதிர்த்து நின்ற மச்சானின் படகில் விரிசலை அடைத்துக்கொண்டிருந்தார். மச்சான் பக்கத்திலேயே நின்றார்.

“நல்லா பூசு மாமா. நாளைக்கு ஒன்னைத் தோக்கடிக்க இதுலதான் ஆளுங்கள அக்கரை பூத்துக்கு ஏத்திட்டுப் போவப்போறேன்.”

“ஏத்திட்டுப் போடா மச்சான். வயசானவங்கள மட்டும் நடுவுல ஒக்கார வை.”

படகு கட்டுகிறவர் தோற்றுவிட்டதாகப் பிறகு மகள் போனில் சொன்னாள். அவர் ஜெயித்தால் தேங்காய் உடைப்பதாகத் தில்லைக் காளியிடம் வேண்டியிருந்தேன். அவர் தோற்ற பிறகும் சிதம்பரம் போய் உடைத்துவிட்டுத்தான் வந்தேன்.