கதவில் தொங்கிய அட்டை

என் தம்பி மனைவிக்குத் தெருப் பிள்ளைகள் வைத்த பெயர் ‘டார்ச் அக்கா’. முன்பு வீடு வீடாகப் போய்த் தடுப்பூசிக்கு ஆள் சேர்த்தவள், பிள்ளைகளின் கண்ணில் டார்ச் அடித்துப் பரிசோதிக்கும் பயிற்சியில் சேர்ந்தாள். எடுத்த வேலையை அரைகுறையாக விடவே மாட்டாள், அது ஒரு தொல்லை. பார்வை அட்டையை வீட்டுக் கதவிலேயே மாட்டிவிட்டாள். அதில் இங்கிலீஷ் E மாதிரி மூன்று கால் நீட்டிய ஒரே குறி, பக்கம் மாறி மாறி, வரிக்கு வரி சிறுத்துக்கொண்டே போகும். கால்கள் எந்தப் பக்கம் என்று பிள்ளை கையால் காட்ட வேண்டும்.

தினமும் சாயங்காலம் மகளை நிறுத்தி, ஒவ்வொரு கண்ணாக மூடிப் பழகுவாள். ஏழு வயதுக் குட்டி டக்கு டக்கென்று காட்டும். உடனே ஒரு முத்தம் கிடைக்கும்.

“பிள்ளைக்குத் தூக்கம் சொக்குது, விடேம்மா” என்று கத்துவேன்.

“பழகினாத்தானே அண்ணி கை வரும்” என்பாள்.

பயிற்சியின் கடைசி நாள், எல்லார் முன்னாலும் சோதித்துக் காட்ட மகளையே கூட்டிப்போனாள். நானும் போனேன். பயிற்சி கொடுத்த டீச்சர் அட்டையைத் தலைகீழாகத் திருப்பி மாட்டினார். வலது கண் சரியாகச் சொன்னது. அதை மூடியதும், குட்டி வீட்டில் பழகிய வரிசையையே டக்கு டக்கென்று காட்டியது. ஒன்றுகூடப் பொருந்தவில்லை.

“வீட்ல எல்லாம் சரியா காட்டுவாளே” என்றாள் டார்ச் அக்கா.

“மனப்பாடம் பண்ணியிருக்காம்மா. இடது கண்ணு தெரியல. உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. வயசு ஏற ஏற சரிபண்றது கஷ்டம்” என்றார் டீச்சர்.

ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் டார்ச் அடித்தவள், பாவி, தன் பிள்ளையைக் கோட்டை விட்டாளே!

டாக்டர் கண்ணாடி எழுதிக்கொடுத்து, மங்கிய கண் பார்த்துப் பழகட்டும் என்று தினமும் கொஞ்ச நேரம் நல்ல கண்ணை ஒட்டி மூடச் சொன்னார். பார்வை எவ்வளவு திரும்பும் என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்ததும் டார்ச் அக்கா அட்டையைக் கதவிலிருந்து கழற்றினாள். இப்போது எந்தப் பிள்ளைக்கும் அதைத் திருப்பித் திருப்பிப் பிடித்துத்தான் பார்க்கிறாள்.

சில மாதம் கழித்து, மகளின் நல்ல கண்ணை மூடி அட்டையைப் பிடித்தாள். குட்டி வெகுநேரம் உற்றுப் பார்த்தது. மேல் வரிக்கு மட்டும் கை காட்டியது. சரிதான். அடுத்ததற்குக் கையைத் தொங்கப் போட்டது.

“தெரியலம்மா. திட்டுவியா?”

“மாட்டேன்டி. ஏன் இத்தனை நாளா சொல்லல?”

“சரியா சொன்னாத்தானே முத்தம் தருவே.”

டார்ச் அக்கா அட்டையைக் கீழே போட்டுவிட்டுப் பிள்ளையைக் கட்டிக்கொண்டு அழுதாள். ஏதோ திட்ட வாயெடுத்த நான், எழுந்து உள்ளே போய்விட்டேன்.