காளியாயியின் கைக்காசு

1981 ஜூன் 9. கொட்டகலை – நுவரெலியா, பஸ். ஒன்றரை டிக்கட், போக வர ரூபா 10.80.
1981 ஒக்டோபர் 13. கொட்டகலை – கண்டி, ரயில். போக வர ரூபா 19.50.
1982 செப்டம்பர் 14. மீண்டும் கண்டி. ரூபா 19.50. கித்துள் கருப்பட்டி அரை றாத்தல், ரூபா 4.
1983 ஒகஸ்ட் 9. கண்டி. போகவில்லை.

காளியாயி முடிச்சை இறுக்கிவிட்டு, கயிற்றுக்கும் மகளின் இடுப்புக்கும் நடுவே இரண்டு விரலை விட்டுப் பார்க்கிறாள். விரல் நுழைய வேண்டும். கயிறு இடுப்பைவிட்டு நழுவக் கூடாது. தேயிலைக் கொழுந்துக் கூடை கட்டுகிற கயிறுதான். உராயாமல் இருப்பதற்குப் பழைய சேலைத் துணியைச் சுற்றித் தைத்திருக்கிறாள். மறுமுனை லயத்து வரிசை வீட்டில் அவர்களுடைய ஒற்றைக் காம்பராவின் கதவு நிலையில் இருக்கிறது. வெளியே பெரட்டுக்கு, ஆள் எண்ணி வேலை பிரிப்பதற்கு, தப்பு அடிக்கிறார்கள். பிந்திப் போனால் அன்றைக்குப் பேர் விழாது. பேர் விழாவிட்டால் கூலி இல்லை.

“அம்மா மத்தியானம் வந்துருவேன் பவளம்” என்று சொல்லிவிட்டு ஓடுகிறாள். பவளக்கொடி நிலையைப் பார்த்தபடி முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருக்கிறாள்.

பவளத்துக்கு இப்போது ஒன்பது வயது. பேச்சு வரவில்லை. யார் முகத்தையும் பார்க்க மாட்டாள். தட்டில் சோறும் கறியும் ஒன்றையொன்று தொட்டால் தட்டோடு வீசிவிடுவாள். உலகத்தில் அவளுக்குப் பிடித்தது ரயில் சத்தம் ஒன்றுதான். லயத்துக்குக் கீழே, தேயிலை முடிகிற இடத்தில், பதுளைக்குப் போகும் தண்டவாளம் இருக்கிறது. ஆறு வயதுக்குள் மூன்று தடவை அவளை அங்கிருந்து தூக்கி வந்தார்கள். அதற்குப் பிறகுதான் கயிறு வந்தது.

காளியாயி குள்ளமான, எலும்பு தெரிகிற பெண். கூடைக் கயிறு அழுத்தி அழுத்தி முன்னந்தலையில் ஒரு கோட்டுக்கு மயிர் இல்லை. எதையும் நிறுவைக் கணக்கில்தான் பேசுவாள். “காய்ச்சல் நேத்து பத்து றாத்தல் இருந்துச்சு, இன்னிக்கு ரெண்டு றாத்தல்தான்” என்பாள். புருஷன் சோலைமலையோடு சண்டை வந்தால், “அந்த மனுசன் கோவம் மழையில நனைஞ்ச கொழுந்து மாதிரிங்கய்யா. பாதி தண்ணி” என்று, அவள் பயணக் கணக்கை எழுதிவைக்கும் தோட்டத்துக் கிளாக்கரான என்னிடம் சொல்வாள். தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுகிற அந்த மனிதர் முனியாண்டிக்குச் சேவல் அறுத்தார், மகள் கையில் மந்திரித்த கயிறு கட்டினார், பிறகு தலைவிதி என்று ஒதுங்கிவிட்டார். காளியாயி ஒதுங்கவில்லை.

தோட்டத்து மருந்துக்காரர் பூச்சி மருந்து கொடுத்தார். நுவரெலியாவில் ஒரு டாக்டர் பவளத்தின் காதுக்குப் பின்னால் மணியடித்துப் பார்த்து, செவிடில்லை என்று கண்டிக்குத் துண்டு எழுதினார். கண்டியில் இருந்தது ஒரு சின்ன கிளினிக். அங்கிருந்த டாக்டரம்மா சிங்களவர். ஒரு மணி நேரம் ஒன்றும் கேட்காமல் பவளத்தையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, ‘ஓட்டிசம்’ என்ற சொல்லைச் சொன்னார். அங்கே நர்ஸாக இருந்த, கினிகத்தேனையைச் சேர்ந்த டோரீன் என்ற தமிழ் மிஸ்ஸி அதை எடுத்துச் சொன்னாள்.

“மருந்து இல்லீங்களா மிஸ்ஸி?”

“மருந்து இல்லக்கா. பழக்கணும்.”

“கோயிலுக்குக் கொண்டு போனா?”

“போங்க. பழக்கவும் செய்ங்க.”

முதலில் ஒரே சொல்தான். நில்லு. தாய் ‘நில்லு’ என்றதும் பிள்ளை நிற்க வேண்டும். அது படிந்தால் தண்டவாளப் பயம் இல்லை, கயிறும் தேவையில்லை. தாய்மார் வேலைக்குப் போகும்போது பிள்ளைகளை விடுகிற பிள்ளைக் காம்பராவில் பவளத்தையும் விடலாம். எப்படிப் பழக்குவது என்று கேட்டதற்கு டோரீன் சொன்னது இது: “சொன்னதச் செஞ்சா கூலி குடுக்கணும். செய்யாட்டிக் குடுக்கக் கூடாது. அடிக்கவே கூடாது.”

கூலி என்றால் காளியாயிக்குத் தெரியாதா? பவளம் நிற்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு கூழாங்கல்லை மடியில் முடிந்துகொண்டாள். மலையில் கொழுந்து நிறுப்பது மூன்று வேளை. அந்த மூன்று வேளைக் கணக்கில் கற்களை எண்ணி, அத்தனை கருப்பட்டித் துண்டுகளை மகள் கையில் கொடுத்தாள். காலையில் நின்றதற்கு மத்தியானம் கூலி. கூச்சல் போட்ட நாளில் இரண்டு துண்டைப் பிடித்துக்கொண்டாள். “மழை நாளுன்னா கொழுந்து நிறுக்குற கண்டாக்கையா தண்ணிக்குக் கழிக்கிறாருல்ல” என்று அதற்கு நியாயமும் சொன்னாள்.

அடுத்த காம்பரா வீரம்மா வாய்க்காரி. “ஏன்டி காளியாயி, ஒம் மக பேரு செக்றோல்ல பதிஞ்சாச்சா? சேமலாப நிதி பிடிக்கிறியா?” என்று, கூலிப் பதிவேட்டையும் சம்பளப் பிடித்தத்தையும் சொல்லிக் குழாயடியில் கேலியாகக் கேட்பாள். காளியாயியும் சேர்ந்து சிரிப்பாள். ஆனால் பதினொரு மாதம் கழித்தும் பவளம் நினைத்தால் நின்றாள், நினைத்தால் ஓடினாள்.

இரண்டாம் முறை கண்டியில் டாக்டரம்மா, செய்து காட்டச் சொன்னார். காளியாயி கூப்பிட்டாள். பவளம் கதவடியில் தற்செயலாக நின்றாள். காளியாயி பெருமையாக ஒரு கல்லை எடுத்து மடியில் போட்டாள்.

“கருப்பட்டி எங்கக்கா?” என்றாள் டோரீன்.

“மத்தியான நிறுவைக்குத்தானுங்க மிஸ்ஸி.”

டோரீனின் தாயும் கொழுந்து எடுத்தவள். அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. “ஐயோ அக்கா, இது நிறுவ இல்ல. நின்ன கால அது தூக்குறதுக்குள்ள வாயில போடணும். கைக்காசுக்கா, கைக்காசு!”

ஞாயிற்றுக்கிழமைகளில் எடுக்கிற கொழுந்துக்கு மாதச் சம்பளம்வரை காத்திருக்க வேண்டாம். எடுத்த கையோடு காசு. அதுதான் கைக்காசு. காளியாயி வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ரயிலில் வீடு திரும்பும்வரை அவள் சொன்னது ஒன்றே ஒன்று: “பதினோரு மாசம் பச்சப்புள்ளைக்குக் கூலி பிடிச்சிருக்கேனே.”

மறுநாளே கற்களை வாசலில் கொட்டினாள். இடுப்பில் ஒரு சுருக்குப் பை, அதில் மிளகளவு உடைத்த கருப்பட்டி. ஒரு எட்டுத் தூரத்தில் தொடங்கினாள். நில்லு, நின்றாள், வாயில் கருப்பட்டி. பிறகு இரண்டு எட்டு. பிறகு வாசல். பிறகு தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரை. “சக்கர குடுத்தா எங்க ஊட்டு ஆடுந்தான் நிக்கும்” என்றாள் வீரம்மா. “ஒங்க ஊட்டு ஆடு நிக்கட்டும், எம் மக நின்னா போதும்” என்றாள் காளியாயி. பொங்கல் முடிந்த ஒரு மாலையில், கீழே ரயில் ஊதிக்கொண்டு போகும்போது, ஓடிய பவளம் தாயின் குரலுக்கு நடுவழியில் நின்றாள். திரும்பி வாயைத் திறந்தாள். நான் பார்த்தேன். வீரம்மாவும் பார்த்தாள்.

சித்திரைக்குப் பிறகு, வயது கடந்திருந்தும், பிள்ளைக் காம்பராவைப் பார்த்துக்கொள்கிற மீனம்மா பவளத்தை ஏற்றுக்கொண்டாள். காளியாயி கயிற்றில் சுற்றிய துணியைப் பிரித்தெடுத்து, கயிற்றைத் திரும்பவும் கூடைக்குக் கட்டினாள்.

ஒரு பாடம் பாக்கியிருந்தது. தாய் கூப்பிட்டால் நிற்கிறாள், சரி. மற்றவர் கூப்பிட்டாலும் நிற்க வேண்டும். அதைப் பழக்கும் விதத்தை ஒகஸ்ட் ஒன்பதாம் தேதி சொல்லித்தருவதாக டாக்டரம்மா சொல்லியிருந்தார். ஜூலைக் கடைசியில் இனக் கலவரத்தில் கடைவீதிகள் எரிந்தன. ரயிலில் ஏறத் தமிழருக்குத் தைரியம் இல்லை. கினிகத்தேனையில் டோரீன் வீட்டைக் கொளுத்திவிட்டார்கள். அவள் குடும்பத்தோடு மன்னார்ப் பக்கம் போய்விட்டாள் என்று பிறகு கேள்விப்பட்டோம். கிளினிக்குக்கு நான் எழுதிய முதல் கடிதத்துக்குப் பதில் இல்லை. இரண்டாவது கடிதம், கிளினிக் மூடப்பட்டது என்ற குறிப்போடு திரும்பி வந்தது. டாக்டரம்மா வெளிநாடு போய்விட்டதாக நுவரெலியாவில் சொன்னார்கள். அவருடைய விலாசத்தை அவர்களிடம் வாங்கி மூன்றாவது கடிதத்தை அனுப்பினேன்.

நவம்பரில் ஒரு நாள் பிள்ளைக் காம்பராக் கதவு திறந்து கிடந்தது. ரயில் ஊதியது. பவளம் இறங்கி ஓட, மீனம்மா பின்னாலேயே ஓடி, “நில்லு! நில்லும்மா! நில்லு தாயி!” என்று கத்தினாள். அந்தக் குரலுக்கு நிற்க வேண்டும் என்று பவளத்துக்கு யாரும் பழக்கியிருக்கவில்லை. காளியாயி அந்த நேரம் மேல்மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். கங்காணி ஒருவர் தண்டவாளத்தில் பாய்ந்து பிள்ளையை இழுத்தார். இருவரும் உயிர் தப்பினார்கள். மறுநாள் தோட்டத்தை நடத்துகிற தொரையின் கட்டளை வந்தது: அந்தப் பிள்ளையைப் பிள்ளைக் காம்பராவில் சேர்க்கக் கூடாது, வேறு யாரும் பொறுப்பெடுக்கவும் கூடாது. அன்று மாலை காளியாயி கூடைக் கயிற்றை அவிழ்த்து, துணியைத் திரும்பவும் சுற்றித் தைத்தாள்.

மூன்றாவது கடிதத்துக்குப் பதில் வந்தபோது மத்தியானம். நிறுவை முடிந்து, சோற்றுக்கு வந்த காளியாயி இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூட அவிழ்க்கவில்லை. லயத்து வாசலிலேயே, ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் சொன்னேன். மற்றவர் கூப்பிடும்போது முதலில் தாய் பக்கத்தில் நிற்க வேண்டும். கருப்பட்டியைக் கூப்பிட்டவர் கையாலேயே கொடுக்க வேண்டும். ஒருவர், பிறகு இன்னொருவர். மலைநாட்டில் இதைச் சொல்லித்தர வேறு யாருடைய பெயரும் தனக்குத் தெரியவில்லை, மன்னிக்க வேண்டும்.

“வேற யாரும் இல்லீங்களா?”

“இல்லை என்றுதான் எழுதியிருக்கிறார்.”

“அவங்க கையாலயா...” என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். “மீனம்மா கையில ஒரு பை நெறையக் குடுத்திருப்பேனேய்யா.”

பிறகு அடுத்த வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த வீரம்மாவைப் பார்த்தாள். வீரம்மா இரண்டடி பின்வாங்கினாள். “எனக்கு வேணாம்டி. தொர சொன்னது தெரியும்ல. நாளைக்கு எம் பேர வெட்டுனா யார் கஞ்சி ஊத்துறது?”

உள்ளே கதவு நிலையோரம் பவளம் ஆடிக்கொண்டிருந்தாள். காளியாயி சுருக்குப் பையைக் கவிழ்த்தாள். மிளகளவில் ஒரு துண்டும் கொஞ்சம் தூளும் விழுந்தன. முப்பது வருஷம் சம்பள நாளில் என் மேசைக்கு அப்பால் நின்று, விரல் படாமல் காசு வாங்கியவள், என் கையைப் பிடித்து விரித்து, அந்தத் துண்டை உள்ளங்கையில் வைத்து மூடினாள்.

“நீங்க கூப்புடுங்க கிளாக்கரய்யா. நான் பக்கத்துல நிக்கிறேன்.”

கடிதம் வந்த தேதி: 1984 மார்ச் 17, சனிக்கிழமை.