பெயருக்குப் பின்னால் ஜே.பி.

நடந்ததை வரிசையாக எழுதினால் இவ்வளவுதான்.

1. நான் ஐந்தாம் வகுப்பு முடித்த கோடையில் என் மாமாவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாமா என்றால் அம்மாவின் தம்பி.
2. அழைப்பிதழில் எங்கள் பக்கம் போட வேண்டிய பெயர்களை அம்மா சொல்லச் சொல்ல நான் ஒரு தாளில் எழுதினேன்.
3. மாமாவின் பெயருக்குப் பின்னால், அம்மா சொல்லாத இரண்டு எழுத்துகளை நானாகச் சேர்த்தேன்.
4. தாளை யாரும் திரும்பப் படிக்கவில்லை. பெண் வீட்டார் நானூறு அழைப்பிதழ் அடித்துவிட்டார்கள்.
5. பெண்ணின் அப்பா எங்கள் வீட்டுக்கு வந்து மாமாவிடம் மூன்று கேள்விகள் கேட்டார். மூன்றுக்கும் மாமா சரியாகப் பதில் சொன்னார்.
6. பெண் ஒரு கேள்வி கேட்டார். அதற்கு மாமாவிடம் பதில் இல்லை.

மூன்றாவதை விளக்காமல் மற்றவை விளங்காது. எங்கள் திருச்சபையில் எருசலேமுக்குப் போய் வந்தவர்கள் பெயருக்குப் பின்னால் ஜே.பி. என்று போட்டுக்கொள்வார்கள். ஜெருசலேம் பில்கிரிம் என்பதன் சுருக்கம். பெரும்பாலும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள். வாசல் பலகை, கல்யாணப் பத்திரிகை, கடைசியில் கல்லறைக் கல் வரைக்கும் அந்த இரண்டு எழுத்தும் கூடவே வரும். பி.எட். முடித்தபின் படிக்கிற படிப்பு என்று நான் வெகுநாள் நினைத்திருந்தேன்.

மாமா டவுன்ஹால் ரோட்டில் ஒரு மாடியில் இருந்த டிராவல்ஸில் வேலை பார்த்தார். அந்தக் கோடையில் அம்மா பொதுத்தேர்வு விடைத்தாள் திருத்தப் போய்விட்டதால் பகல் முழுவதும் நான் மாமாவின் மேசைக்குப் பக்கத்தில் இருப்பேன். டிக்கெட் போட வருகிறவர்களைவிடக் கேள்வி கேட்க வருகிறவர்கள்தான் அதிகம். சிங்கப்பூர், துபாய், கொழும்பு, எருசலேம் என்று ஊர் மாறுமே தவிரக் கேள்வி மாறாது. இரண்டே நாளில் எனக்கு அது பிடிபட்டது. ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன். குளிருமா. சோறு கிடைக்குமா. நம் சார்ஜர் அங்கே சுவரில் நுழையுமா. ஊறுகாயைக் கையில் வைப்பதா, பெட்டியில் வைப்பதா. பாத்ரூமில் வாளி இருக்குமா. எழுதிய கேள்வி மறுபடி வந்தால் பக்கத்தில் ஒரு கோடு போடுவேன். வாளிக்குத்தான் கோடு அதிகம்.

சோழவந்தான் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த ஒரு பெரியவர் கனடாவில் இருக்கும் மகனைப் பார்க்கப் புறப்பட்டார். டிக்கெட்டை வாங்கிச் சட்டைப்பையில் வைத்தபின் மெதுவாகக் கேட்டார்.

"தம்பி, வெத்தல கொண்டு போக விடுவாய்ங்களா?"

"எம்புட்டு கொண்டு போவீங்கய்யா?"

"ஒரு ரெண்டு கவுளி."

"இலை, செடி எதையும் விட மாட்டாய்ங்க."

"அப்ப ஆறு மாசம் நான் வாய வச்சுக்கிட்டு என்ன பண்றது?"

"மருமகட்ட பேசுங்கய்யா," என்றார் மாமா, முகம் மாறாமல்.

மாமா பதில் சொல்கிற விதமே தனி. அன்று காலை விமானத்தில்தான் வந்து இறங்கியவர் போலச் சொல்வார். "அங்க வெயில் அடிக்கும், ஆனா காத்து சில்லுன்னு வரும். ஸ்வெட்டரப் பெட்டில வச்சிராதீங்க, தோள்ல போட்டுக்கங்க." போய் வந்தவர்கள் பேரீச்சம்பழத்தோடு மாடியேறி வருவார்கள். அவர்களிடம் மாமா கேட்கிற கேள்விகள், அவர்கள் போகும்முன் கேட்டதைவிட அதிகமாக இருக்கும். எத்தனை படி, கைப்பிடி இருந்ததா, பஸ் நிற்கிற இடத்திலிருந்து எவ்வளவு நடை. அதையெல்லாம் ஒரு டைரியில் குறித்துக்கொள்வார். தனக்குத் தெரிந்ததைச் சரிபார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

என் நோட்டில் முப்பத்தொரு கேள்விகள் சேர்ந்ததும் மாமா அதற்கெல்லாம் பதில் எழுதி, இரண்டு பக்கமும் டைப் அடித்து, வருகிறவர்களுக்கெல்லாம் ஒன்று கொடுக்கத் தொடங்கினார். எனக்கு ஒரு பாட்டில் ரோஸ் மில்க் கிடைத்தது.

ஆகவே, அம்மா பெயர்களைச் சொல்லிக்கொண்டே வந்தபோது எனக்கு ஒரு குறை தெரிந்தது. பெண்ணின் அப்பா ஜே.பி. என்று முன்பே தெரியும். எங்கள் பெரிய தாத்தாவுக்கு ஜே.பி. இந்த மாதிரி ஆட்களை எல்லாம் அனுப்பி வைக்கிற மாமாவுக்கு மட்டும் வெறும் பி.காம். அம்மா அவசரத்தில் விட்டுவிட்டார் என்று முடிவு செய்து, பி.காமுக்குப் பக்கத்தில் அழகாகச் சேர்த்தேன்.

பெண்ணின் அப்பா திருமங்கலத்தில் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்துவிட்டார். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் விளக்குத்தூண் பக்கம் மகளுக்குச் சேலை எடுத்துவிட்டு, அச்சகத்தில் அழைப்பிதழ்க் கட்டையும் வாங்கிக்கொண்டு, மகளோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். மறுநாள் சபையில் மூன்றாவது ஓலை. கல்யாண அறிவிப்பை மூன்று ஞாயிறு வாசிப்பார்கள். ஆட்சேபம் இருந்தால் அதற்குள் சொல்லிவிட வேண்டும்.

உட்காரும்போதே அவர் முகமெல்லாம் சிரிப்பு. "என்ன மாப்ள, சொல்லவே இல்லையே நீங்க. எங்க சபை பூராம் சொல்லிட்டேன். மாப்பிள்ளையும் ஜே.பி.தான்னு."

மாமா ஒரு அழைப்பிதழை எடுத்துப் படித்தார். அம்மாவிடம் நீட்டினார். அம்மா படித்துவிட்டு என்னைப் பார்த்தார். பாராட்டு வரப்போகிறது என்று நான் சிரித்துவைத்தேன்.

அதற்குள் தலைமை ஆசிரியர் ஆரம்பித்துவிட்டார். இன்னொரு ஜே.பி. கிடைத்த சந்தோஷம் அவருக்கு. "பெத்லகேம் கோயில் வாசல் எம்புட்டு தாழ்வு, பாத்தீங்களா?"

"குனிஞ்சுதான் சார் போகணும். முழங்கால் வலி இருக்கவங்க செவுத்துல ஒரு கைய ஊண்டிக்கிட்டாப் போயிரலாம்."

"கரெக்ட்டு. அந்தச் சாக்கடல்?"

"மிதக்கலாம் சார். கண்ணுல மட்டும் பட்டுறக் கூடாது. அன்னைக்குக் காலைல ஷேவிங் பண்ணக் கூடாது, எரியும்."

"எனக்கு யாரும் சொல்லலையே. யோர்தான் தண்ணி எதுல கொண்டு வந்தீங்க?"

"பாட்டிலத் துண்டுல சுத்திப் பெட்டிக்கு நடுவுல வைக்கணும் சார். கையில வச்சா விட மாட்டாய்ங்க."

அவர் தலையை ஆட்டி ஆட்டி ரசித்தார். பிற்பாடு யோசித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது: மாமா சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. 'நான்' என்ற சொல்லும் இல்லை. அன்று அவர் அப்படியே எழுந்து டீ கொண்டுவரப் போயிருந்தால் எல்லாம் நல்லபடி முடிந்திருக்கும். அம்மாவும் அதற்காகத்தான் டம்ளர்களைக் கையில் வைத்துக்கொண்டு அடுக்களை வாசலில் நின்றார்.

அப்போது, சேலைப் பையோடு உட்கார்ந்திருந்த பெண் கேட்டார். "அங்க முதல்ல போய் நின்னப்ப உங்களுக்கு என்ன தோணுச்சு?"

நான் உள்ளே ஓடிப்போய் நோட்டை எடுத்து வந்து தேடினேன். முப்பத்தொன்றில் அது இல்லை. வாளிக்கு நாற்பது கோடு இருந்தது. இதை யாருமே கேட்டதில்லை.

மாமா அழைப்பிதழ்க் கட்டை ஓரமாக நகர்த்தி வைத்தார். பிறகு அந்தப் பெண்ணிடமே சொன்னார். "நான் போனதில்லங்க. எங்கயுமே போனதில்ல. பாஸ்போர்ட்டே எடுக்கல. கார்டுல தப்பா விழுந்துருச்சு."

"அம்மாதான் விட்டுட்டாங்க, நான்தான் சேர்த்தேன்," என்றேன் நான், பெருமையோடு. யாரும் என்னைத் திட்டவில்லை. அது எனக்குப் பயமாக இருந்தது.

"சபை பூராம் சொல்லிட்டேனே," என்றார் தலைமை ஆசிரியர். இந்த முறை சிரிப்பு இல்லை. "நாளைக்கு ஓலை வாசிப்பாங்க. எல்லாரும் வந்து கைகுடுப்பாங்க. நான் என்னன்னு சொல்றது?" துண்டை எடுத்துத் தோளில் போட்டார். எழுந்து நின்றுவிட்டார்.

மகள் எழுந்திருக்கவில்லை. "நீங்க சொல்லுங்கப்பா. உங்களுக்கு என்ன தோணுச்சு? ரெண்டு வருசமாக் கேக்குறேன். ஓட்டல் சாப்பாட்டப் பத்தியே சொல்றீங்க."

அவர் நின்றபடியே சொன்னார். குரல் தலைமை ஆசிரியர் குரலாக இல்லை.

"ஒங்கம்மாவும் நானும் சேந்து போறதா இருந்தோம்ல. அங்க போய் நின்ன ஒடனே, இங்க பாருன்னு சொல்லத் திரும்பினேன். பின்னால நம்ம குரூப்பு ஆளு ஒருத்தர் நின்னு, சார் டீ எப்பங்கிறாரு." தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்தார். "பஸ்ஸுக்கு வந்துட்டேன். வேற ஒண்ணும் தோணல."

அம்மா டம்ளர்களைக் கீழே வைத்தார். அந்தப் பெண் சேலைப் பையை மடியில் வைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மாமா இஸ்ரேலுக்குப் போகாதது அவருக்கு அவ்வளவு வருத்தமாகிவிட்டது என்று எனக்குத் தோன்றியது.

தலைமை ஆசிரியர் திரும்ப உட்கார்ந்தார். "பாப்பா, கறுப்பு ஸ்கெட்ச் பேனா இருக்கா?"

கொண்டுவந்து கொடுத்தேன். ஒரு அழைப்பிதழில் மாமா பெயருக்குப் பின்னால் இருந்த இரண்டு எழுத்தையும் கட்டம் போட்டு அடித்தார். தள்ளி வைத்துப் பார்த்தார். பிறகு பேனாவைத் தன் பெயர்ப் பக்கம் கொண்டுபோய் அங்கேயும் அதே அளவில் ஒரு கட்டம் அடித்தார்.

"சார், உங்களுது எதுக்கு?" என்றார் மாமா.

"ஒண்ண மட்டும் அடிச்சா அசிங்கமாத் தெரியும் மாப்ள. ரெண்டையும் அடிச்சா அச்சகத்துக்காரன் தப்புன்னு விட்டுருவாய்ங்க." பேனாவை என்னிடம் நீட்டினார். "எழுதுனவ நீதான? உக்காரு."

மறுநாள் மூன்றாவது ஓலையும் வாசித்தார்கள். ஆட்சேபம் வரவில்லை. அந்த வாரம் முழுவதும் நானும் மாமாவும் எதிரெதிரே உட்கார்ந்து எண்ணூறு கட்டங்கள் அடித்தோம். மூன்று ஸ்கெட்ச் பேனா காலியானது. பார்க்க ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் அவர் தன்னுடையதையும் அடிக்கச் சொன்னார் என்று நான் நம்பினேன். அதனால் இரண்டு கட்டமும் ஒரே அளவில் வர ஸ்கேல் வைத்து அடித்தேன்.

இன்றைய நிலை இது. டிராவல்ஸ் கீழ்த்தளத்துக்கு வந்துவிட்டது. அதன் இணையதளத்தை நான்தான் செய்து கொடுத்தேன். 'அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்' பக்கத்தில் அதே முப்பத்தொன்று இருக்கிறது, முப்பத்திரண்டாவதைச் சேர்க்கவில்லை. மாமாவின் மாமனார் சென்ற வருடம் காலமானார். கல்லில் பொறிக்க வேண்டியதைத் தாளில் எழுதும் வேலை என்னிடம் வந்தது. இந்த முறை அவர் மகளான என் அத்தையிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதினேன். போடு என்றார். கல்லில் ஜே.பி. இருக்கிறது. மாமா பாஸ்போர்ட் எடுத்துவிட்டார். இன்னும் எங்கும் போகவில்லை.